அந்த மாணவி யார்? 2007 டெல்லி போலி ஸ்டிங்: ஒரு நிகழ்வு ஆய்வு

2007-இல் டெல்லியில் ஒரு இந்தி செய்திச் சேனல் 'ஸ்டிங்' எனப்படும் ரகசிய கேமரா காட்சி ஒன்றை ஒளிபரப்பியது. சில மணி நேரத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியையின் வாழ்க்கை தலைகீழானது. சுமார் ஒரு வாரத்தில் அந்தச் செய்தி ஜோடிக்கப்பட்டது என்று தெரிந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு சொன்னது. அதனால் நடந்தது பெரும்பாலும் நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இங்கே தேவையில்லை. ஆசிரியையின் பெயரை இன்னொரு முறை எழுதுவது அவருக்குச் செய்யும் நியாயமும் ஆகாது.

பின்னணி

ரகசிய கேமராவுக்கு அப்போது பெரிய மரியாதை இருந்தது. அது சும்மா வந்த மரியாதையும் இல்லை. 2001 மார்ச்சில் தெஹல்கா இணையதளம் ஆயுதக் கொள்முதல் பேரத்தைப் படம்பிடித்து வெளியிட, அன்றைய ஆளுங்கட்சியின் தேசியத் தலைவர் பதவி விலக வேண்டியிருந்தது. 2005 டிசம்பரில், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கப் பணம் வாங்கியது கேமராவில் பதிவாகி, 11 உறுப்பினர்கள் பதவி நீக்கம் செய்யப்பட்டார்கள். 2007 மே 30 அன்று என்டிடிவி இன்னொன்றை ஒளிபரப்பியது: டெல்லியில் கார் ஏற்றி ஆறு பேர் இறந்த 1999 வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பின் மூத்த வழக்கறிஞரும் அரசு வழக்கறிஞரும் முக்கிய சாட்சியோடு நடத்திய பேச்சு. இந்த மூன்றுமே பொதுமக்களுக்குத் தெரிய வேண்டிய விஷயங்கள். வேறு வழியில் எளிதாக வெளியே வந்திருக்காதவை.

ஆனால் இதே வெற்றிகள் இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவந்தன. 24 மணி நேர இந்திச் சேனல்கள் பல, ஒரே பார்வையாளர் கூட்டத்துக்காக அடித்துக்கொண்டிருந்தன. எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் டிஆர்பி வாரா வாரம் வந்தது. 'ஸ்டிங்' என்று சொன்னாலே அது உண்மை என்று பார்ப்பவர்கள் நம்பினார்கள். செய்தி அறைக்குள் இருப்பவர்களும் நம்பத் தொடங்கினார்கள். கண்ணால் பார்ப்பதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்ற எண்ணம் அது. இந்த நிகழ்வின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆகஸ்ட் 30: ஒளிபரப்பு

2007 ஆகஸ்ட் 30 அன்று காட்சி வெளியானது. டெல்லி அரசுப் பள்ளி ஒன்றின் ஆசிரியை, மாணவி ஒருவரைப் பாலியல் தொழிலுக்குள் தள்ளுகிறார் என்பது செய்தி. காட்சியில் ஆசிரியை இருந்தார். மாணவி என்று சொல்லப்பட்ட ஒரு இளம்பெண்ணும் இருந்தார். ரகசிய கேமராவில் எடுத்த நிருபர் அந்தச் சேனலைச் சேர்ந்தவர்.

ரகசிய கேமரா காட்சி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பைக்குள்ளோ சட்டைப் பொத்தானிலோ இருக்கும் லென்ஸ் முகத்தைப் பாதிதான் பிடிக்கும். குரல் இரைச்சலில் மூழ்கும். அதனால் கீழே எழுத்தில் வசனம் போட வேண்டியிருக்கும். பார்ப்பவர் காதால் கேட்பதைவிட அந்த எழுத்தைத்தான் படிப்பார். ஒரு உதாரணத்துக்கு, டியூஷன் பற்றிய ஒரு பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 'எவ்வளவு ஆகும்?', 'பத்தாயிரம்', 'பொண்ணு எப்ப வரணும்?', 'நாளைக்கு அனுப்புங்க.' இதற்கு முன்னால் வரும் 'கணக்குப் பாடத்துக்கு' என்ற ஒரு வார்த்தையை வெட்டிவிட்டு, திரையின் மேல்பகுதியில் வேறொரு தலைப்பைப் போட்டால், அதே நான்கு வரிகள் ஒருவரைச் சிறைக்கு அனுப்பும். டெல்லிக் காட்சியில் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. வெட்டப்படாத முழுப் பதிவைப் பார்க்காத யாரும், வெட்டப்பட்ட பதிவைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பள்ளி வாசலில் நடந்தது

ஒளிபரப்புக்குப் பிறகு பள்ளி வாசலில் கூட்டம் கூடியது. கோஷம் எழுந்தது. ஆசிரியையைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். அவர் கூட்டத்தின் கையில் சிக்கினார். தாக்கப்பட்டார், உடை கிழிக்கப்பட்டது. இதையும் உயர் நீதிமன்றத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. உடை கிழிந்த நிலையில் அவர் இழுபடும் காட்சியும் தொலைக்காட்சிகளில் ஓடியது.

இந்த இடத்தை நான் எளிதில் கடந்து போக விரும்பவில்லை. முதல் சேனல் செய்த தவறைப் பற்றி நிறைய பேசியாகிவிட்டது. ஆனால் தாக்கப்பட்ட ஒரு பெண்ணின் படத்தை, முகத்தை மறைக்காமல், திரும்பத் திரும்பக் காட்டியவர்கள் முதல் சேனலின் நிருபரால் ஏமாற்றப்பட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு முன்னால் இருந்தது ஜோடனைக் காட்சி இல்லை, கண்முன்னே நடக்கும் வன்முறை. அவர் குற்றவாளியாகவே இருந்திருந்தாலும் அந்தக் காட்சியை அப்படிக் காட்டியிருக்கக் கூடாது. 'அந்தச் சேனலே சொன்னது' என்பது எந்தச் செய்தி மேசைக்கும் போதுமான பதில் ஆகாது.

அரசு நிர்வாகமும் அதே வேகத்தில் நடந்தது. கல்வி இயக்குநரகம் முதலில் அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. அப்புறம் அரசியலமைப்பின் 311(2) பிரிவின் அதிகாரத்தைக் காட்டி, துறை விசாரணை எதுவும் இல்லாமல் பணியிலிருந்தே நீக்கியது. மக்கள் கொந்தளிப்பைப் பார்த்து எடுத்த முடிவு அது என்று பின்னர் நீதிமன்றம் குறிப்பிட்டது. காவல்துறை அவரைக் கைது செய்தது.

இத்தனைக்கும் அடிப்படை ஒரே ஒரு காட்சி.   பள்ளிப் பதிவேட்டில் அந்த மாணவியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

மாணவி மாணவியே இல்லை

காவல்துறை விசாரணையைத் தொடங்கியதும் முதலில் எழுந்தது இந்தக் கேள்விதான்: அந்த மாணவி யார்? செப்டம்பர் 7 அன்று ஒரு ஆங்கில நாளிதழில் வந்த செய்தி, அவர் பள்ளி மாணவியும் இல்லை, பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டவரும் இல்லை, ஊடகத்தில் பெயரெடுக்க ஆசைப்பட்ட ஒரு இளம் பத்திரிகையாளர் என்று சொன்னது. அன்றைக்கே உயர் நீதிமன்றம் அதைக் கவனத்தில் எடுத்துத் தானாக முன்வந்து வழக்குப் பதிவு செய்தது.

பின்னால் இருந்தது ஒரு பண விவகாரம். ஆசிரியையோடு பணத் தகராறு இருந்த ஒரு வியாபாரி, நிருபரோடு சேர்ந்திருந்தார். நிருபருக்கு ஒரு பரபரப்புச் செய்தி தேவை, வியாபாரிக்குப் பழிதீர்க்க வழி தேவை. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தன. நிருபர், வியாபாரி, அந்த இளம்பெண் மூவர் மீதும் காவல்துறையின் நடவடிக்கை பாய்ந்தது. ஆசிரியை மீதான குற்றச்சாட்டுக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்ற முடிவுக்குப் போலீஸ் வந்தது. செப்டம்பரிலேயே அவர் ஜாமீனில் வெளியே வந்தார்.

சேனல் நிர்வாகம், தங்கள் நிருபர் தங்களையே ஏமாற்றிவிட்டார் என்று சொன்னது. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நிருபர் வேண்டுமென்றே பொய் சொன்னால், செய்தி ஆசிரியர் குழு ஏமாறுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும் கேட்க வேண்டியவை அப்படியே நிற்கின்றன.

எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம்

ஒரு செய்தி திரைக்குப் போகும்முன் பல கைகள் மாறும். நிருபர், செய்திகளை வாங்கிச் சேர்க்கும் உள்ளீட்டு மேசை, எடிட்டர், வெளியீட்டுப் பொறுப்பாளர், தலைமை ஆசிரியர். இதில் யார் வேண்டுமானாலும் ஒரு கேள்வி கேட்டு இதை நிறுத்தியிருக்கலாம். அந்தக் கேள்விகள் கடினமானவையும் இல்லை.

முதலாவது, அந்தப் பெண்ணோடு ஆசிரியர் குழுவில் யாராவது தனியாகப் பேசினார்களா? அவர் உண்மையிலேயே மாணவி என்றால், அவரைப் பாதுகாப்பதுதான் முதல் வேலை. அவரை அழைத்து உட்கார வைத்து, பெற்றோர் யார், எந்த வகுப்பு, இது எத்தனை நாளாக நடக்கிறது என்று ஒரு மூத்த பெண் பத்திரிகையாளர் பேசியிருந்தால், கதை அங்கேயே கலைந்திருக்கும். ஒரு சிறுமி சுரண்டப்படுகிறாள் என்று நம்பிய ஒரு செய்தி அறை அந்தச் சிறுமியைத் தேடிப் போகவில்லை என்றால், அவர்களுக்கு அவள் மீது இருந்த அக்கறை எவ்வளவு என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

இரண்டாவது, இந்தத் தகவல் எப்படி வந்தது? யார் கொண்டுவந்தார்கள்? அவருக்கு இதில் என்ன லாபம்? தகவல் தருகிறவருக்கு உள்நோக்கம் இருந்தால் தகவல் பொய் என்று ஆகிவிடாது. பல பெரிய ஊழல்களை வெளியே கொண்டுவந்தவர்கள் கோபத்தில் பேசியவர்கள்தான். ஆனால் உள்நோக்கம் என்னவென்று தெரிந்தால், எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரியும். பணத் தகராறு உள்ள ஒருவர் பின்னால் இருக்கிறார் என்று தெரிந்திருந்தால், எந்தச் செய்தி ஆசிரியரும் அந்தக் காட்சியை இன்னொரு கண்ணால் பார்த்திருப்பார்.

மூன்றாவது, ஆசிரியையின் பதில். குற்றம் சாட்டப்படுகிறவரிடம், 'உங்கள் மீது இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னது செய்ததாகச் சொல்கிறோம், உங்கள் விளக்கம் என்ன?' என்று விவரமாகக் கேட்பது அடிப்படை. ஒளிபரப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் போன் செய்து 'எடுக்கவில்லை' என்று எழுதிக்கொள்வது இதற்குச் சமம் ஆகாது. நானும் செய்தி மேசையில் வேலை பார்க்கிறவன். அந்த 'தொடர்புகொள்ள முயன்றோம், முடியவில்லை' வாக்கியத்துக்குப் பின்னால் சில நேரம் எவ்வளவு குறைவான முயற்சி இருக்கிறது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நான்காவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: இன்றைக்கே போட வேண்டுமா? மறுநாள் போட்டால் யாருக்கு என்ன கேடு? உண்மையிலேயே சிறுமிகள் ஆபத்தில் இருந்தால், அதே நிமிடம் போக வேண்டிய இடம் காவல் நிலையம். ஒளிபரப்பு அதற்கு அடுத்ததுதான்.

தடையும் தீர்ப்பும்

செப்டம்பர் 20 அன்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அந்தச் சேனலின் ஒளிபரப்பை ஒரு மாதத்துக்குத் தடை செய்தது. கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1995-இன் கீழ் வரும் நிகழ்ச்சி விதிகளை மீறியது காரணம். அவதூறான, பொய்யான, அரைகுறை உண்மைகளைக் கொண்ட நிகழ்ச்சிகளையும், வன்முறையைத் தூண்டக்கூடியவற்றையும் அந்த விதிகள் தடுக்கின்றன.

உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு டிசம்பர் 14 அன்று வந்தது. அது ஸ்டிங் என்ற முறையையே ஒட்டுமொத்தமாகத் தள்ளவில்லை. நடப்பதை நடந்தபடி காட்டும் ஸ்டிங், பொதுநலனுக்குத் தேவைப்படலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் தானாகக் குற்றம் செய்யும் எண்ணம் இல்லாத ஒருவருக்கு ஆசை காட்டி, குற்றத்துக்குள் இழுத்து, அதைப் படம்பிடிப்பது கண்டிக்கத்தக்கது என்று தெளிவாகச் சொன்னது. போலி ஸ்டிங் ஒருவரின் அந்தரங்க உரிமையை நேரடியாக மீறுகிறது என்றும் சொன்னது.

அதோடு சில வழிகாட்டுதல்களையும் முன்வைத்தது. படம்பிடித்தவர், இது தனக்குத் தெரிந்தவரை உண்மையானது என்று எழுத்தில் சான்று தர வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் அப்போதைக்கு அப்போதே எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவில் தேதியும் நேரமும் தொடர்ந்து தெரிய வேண்டும். இவை எல்லாம் எந்த நல்ல செய்தி அறையும் தானே செய்ய வேண்டியவை.

இன்னொன்றும் இருந்தது. ஸ்டிங்கை ஒளிபரப்பும் முன், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் அமைச்சகம் அமைக்கும் ஒரு குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது. அந்தக் குழுவில் கூடுதல் செயலாளர் நிலைக்குக் குறையாத ஒருவரும், கூடுதல் காவல் ஆணையர் ஒருவரும் இருப்பார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. லஞ்சம் வாங்கும் போலீஸ் அதிகாரியைப் படம்பிடித்த நிருபர், அதைக் காட்டலாமா என்று இன்னொரு போலீஸ் அதிகாரியைக் கேட்க வேண்டும் என்றால், அந்தக் காட்சி வெளியே வராது. ஒரு ஆசிரியைக்கு நடந்த அநியாயம் பெரியதுதான். அதற்கு மருந்து அரசின் முன் அனுமதியாக இருக்க முடியாது.

இந்த விஷயத்தில் 2009 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. மேலே சொன்ன என்டிடிவி ஸ்டிங் தொடர்பான வழக்கு அது. மூத்த வழக்கறிஞர் மீதான நீதிமன்ற அவமதிப்புத் தீர்ப்பை உறுதி செய்த நீதிமன்றம், அந்த ஒளிபரப்பில் குறைகள் இருந்தாலும் அது பொது நோக்கத்துக்கு முக்கியமான பணி செய்தது என்றது. நிலுவையில் உள்ள வழக்கு பற்றி ஸ்டிங் செய்ய நீதிமன்றத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்ற வாதத்தை, அது முன்தணிக்கை ஆகிவிடும் என்று சொல்லி நிராகரித்தது.

ஒரே நகரம், ஒரே ஆண்டு, மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஸ்டிங்குகள். ஒன்றில் சாட்சி யார் என்பது ஊரறிந்த உண்மை, வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது, மூலப் பதிவுகளை நீதிமன்றம் கேட்டுப் பெற்றுப் பார்க்க முடிந்தது. மற்றொன்றில் மையமாக இருந்த பெண் யார் என்பதே பொய்.

தொழிலுக்குள் வந்த மாற்றங்கள்

செய்தி ஒளிபரப்பாளர்கள் சங்கம் தனக்கென ஒரு நெறிமுறைத் தொகுப்பை உருவாக்கியது. 2008-இல் முன்னாள் தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் புகார்களை விசாரிக்கும் ஆணையத்தையும் அமைத்தது. அந்தத் தொகுப்பு, ஸ்டிங் கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும், பாலியலையோ போதைப் பொருளையோ மிரட்டலையோ அதற்குக் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நடத்தை நெறிகளிலும், ஸ்டிங் செய்தவரிடம் சான்று வாங்குவது, ஒவ்வொரு கட்டத்தையும் பதிவு செய்வது ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன. சென்னையில் இருந்து வரும் நாளிதழுக்கும் மதுரையில் இருந்து வரும் மாலைப் பத்திரிகைக்கும் இவை பொருந்தும். 2014-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், ஸ்டிங் செய்கிறவர் குற்றம் செய்திருந்தால், ஸ்டிங் என்ற காரணத்தாலேயே தப்பிவிட முடியாது என்றும் சொன்னது.

சங்கத்தின் நெறிகளுக்கு அதில் உறுப்பினராக இருக்கும் சேனல்கள்தான் கட்டுப்படும். பத்திரிகை கவுன்சிலால் கண்டிக்க முடியும், அபராதம் போட முடியாது. இன்றைக்கு ரகசியமாகப் படம்பிடிப்பவர்களில் பெரும்பாலோர் எந்தச் சங்கத்திலும் இல்லை. கையில் போனும் ஒரு யூடியூப் பக்கமும் இருந்தால் போதும். 2007-இல் பள்ளி வாசலுக்குக் கூட்டம் வரச் சில மணி நேரம் ஆனது. இன்று வாட்ஸ்அப் குழுவில் அது நிமிடங்கள்.

என்ன மாற வேண்டும்

என்னைக் கேட்டால், ரகசியப் பதிவோடு வரும் எந்தச் செய்தியையும் நிருபரைத் தவிர இன்னொருவர் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். அவருக்குச் செய்தியைக் கொண்டுவந்த பெருமையில் பங்கு இருக்கக் கூடாது. முழுப் பதிவையும் உட்கார்ந்து பார்ப்பது, காட்சியில் இருக்கும் ஒவ்வொருவரின் அடையாளத்தையும் வேறு வழியில் உறுதி செய்வது, தகவல் கொடுத்தவரின் பின்புலத்தைக் கேட்பது, இந்த மூன்றும் அவர் வேலை. சின்ன சேனல்களில் ஆள் கிடையாது என்பது உண்மை. அப்படியென்றால் அந்தச் செய்தியை எடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான்.

இன்னொரு சேனலின் ஸ்டிங்கை எடுத்துப் போடுகிறவர்களும், தாங்களாகச் சோதித்தது என்ன, சோதிக்காதது என்ன என்று பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் முகம், வீடு, பள்ளியின் பெயர்ப்பலகை இவற்றைக் காட்டும்முன், கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்று ஒருவராவது கேட்க வேண்டும். டெல்லியில் கூட்டம் பள்ளி வாசலுக்கு வழி தெரிந்துதான் வந்தது.

திருத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. குற்றச்சாட்டு எந்த நேரத்தில், எத்தனை முறை, எவ்வளவு பெரிய எழுத்தில் வந்ததோ, அது பொய் என்ற செய்தியும் அதே நேரத்தில், அத்தனை முறை, அதே அளவில் வர வேண்டும். திரையின் அடியில் ஓடும் ஒரு வரி போதாது. பழைய காட்சி இணையத்தில் இருந்தால் எடுக்க வேண்டும். எடுக்க முடியாவிட்டால் அதன் மேலேயே திருத்தத்தைப் பதிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்பதைச் சட்ட ஆலோசகர்கள் பெரும்பாலும் தடுப்பார்கள், வழக்கில் அது எதிராகத் திரும்பும் என்பார்கள். அந்த இடத்தில் செய்தி ஆசிரியர்தான் முடிவெடுக்க வேண்டும், வழக்கறிஞர் இல்லை.